புள்ளியேட்டில் ஏறாத அடிகள்: யாழ்ப்பாணத்து மாணவர் விளையாட்டும் தலைக்காய ஆராய்ச்சியும்

யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிக்கும் பரி. யோவான் கல்லூரிக்கும் இடையே 1904ஆம் ஆண்டிலே தொடங்கிய துடுப்பாட்டப் போட்டி, இடையிடையே போரினால் தடைப்பட்டபோதும், 'வடக்கின் பெருஞ்சமர்' என்னும் பெயரோடு இன்றளவும் நடைபெற்று வருகின்றது. இத்தகைய போட்டியொன்றின் வரலாற்றை எழுதப் புகுவார்க்கு முதற்சான்றாய் அமைவது புள்ளியேடு. வீசப்பட்ட ஒவ்வொரு பந்தும் அதிலே ஓர் எண்ணாகவோ புள்ளியாகவோ பதிவாகின்றது. யார் எத்தனை ஓட்டம் பெற்றார், யார் பந்தில் ஆட்டமிழந்தார், பிடியெடுத்தவர் யார் என்பனவெல்லாம் ஐயத்துக்கிடமின்றித் தெரியவரும். வரலாற்று மாணவனுக்கு இதனினும் ஒழுங்கான ஆவணம் கிடைத்தல் அரிது.

ஆயின், பந்து துடுப்பாட்ட வீரனின் தலையிற் பட்டு அவன் மைதானத்தை விட்டு அகல நேரின், அவன் பெயருக்கெதிரே 'காயமுற்று வெளியேறினார்' என்னும் இரு சொற்களே எழுதப்படும். காயம் விரலிலா தலையிலா என்பதை ஏடு கூறாது. அடிபட்ட பின்னும் தலையை உதறிக்கொண்டு நின்று ஆடியவனுக்கோ அவ்விரு சொற்களுமில்லை. அவன்மீது பட்ட பந்து, ஓட்டமெதுவும் பெறப்படாத பந்தென ஒரு சிறு புள்ளியாய் முடிந்துவிடும். உதைபந்தாட்டத்தில் நிலைமை இன்னும் மோசமானது. கோல் அடித்தவனின் பெயர் எஞ்சும். அதே கோலுக்காகத் துள்ளியெழுந்து இன்னொருவன் தலையோடு தலை மோதி விழுந்தவனின் பெயர் எஞ்சுவதில்லை.

ஏட்டில் ஏறாத இவ்வடிகளுக்கு வரலாறு எழுதுதல் இயலுமா? ஐக்கிய அமெரிக்காவின் உயர்நிலைப் பாடசாலை மாணவரிடையே கடந்த சில பத்தாண்டுகளில் நடைபெற்ற ஆய்வுகள் இதற்கொரு வழியைக் காட்டியுள்ளன. அவ்வழியை நோக்குமுன் யாழ்ப்பாணத்தவர் நினைவுகூர வேண்டிய செய்தியொன்று உண்டு. தலையிற் படும் அடியைப் பற்றிய மேலைநாட்டு மருத்துவ அறிவு இக்குடாநாட்டுக்குப் புதிதன்று. அதனைத் தமிழிலேயே கற்ற இளைஞர்கள் 1860களில் மானிப்பாயில் இருந்தனர்.

மசச்சூசெற்ஸ் மாநிலத்து வூஸ்ரர் நகரிற் பிறந்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், அமெரிக்க இலங்கை மிஷனைச் சார்ந்தவராக 1847இல் யாழ்ப்பாணம் வந்தார். வட்டுக்கோட்டையிற் சிறிதுகாலம் பணியாற்றிய பின் மானிப்பாயில் நிலைகொண்டு, நோயாளரைப் பார்ப்பதோடு மாணவரைச் சேர்த்து மருத்துவமும் போதித்தார். தொடக்கத்தில் ஆங்கிலமே போதனாமொழி. அம்மொழியிற் கற்றுத் தேறியோர் உத்தியோகம் நாடி வெளியூர்களுக்குச் சென்றதையும் கிராமங்கள் வைத்தியரின்றி இருந்ததையும் கண்ட அவர், 1864ஆம் ஆண்டளவில் தமிழ்மொழி மூலமான போதனைக்கு மாறினார். அறுபதுக்கும் மேற்பட்டோர் அவரிடம் மருத்துவம் பயின்றனர். 'இரண வைத்தியம்' 1867இலும், 'மனுஷ அங்காதிபாதம்', 'வைத்தியாகரம்' ஆகியன 1872இலும், 'கெமிஸ்தம்' 1875இலும் வெளிவந்தன. சப்மன், டன்வேத் முதலிய மாணாக்கர் மொழிபெயர்ப்பிலே துணைநின்றனர். கலைச்சொல்லாக்கத்தில் முதலிலே தமிழை நாடுதல், தமிழிற் கிடையாதவிடத்து வடமொழியை நாடுதல், இரண்டும் உதவாதவிடத்து ஆங்கிலச் சொல்லையே தமிழெழுத்தில் ஆளுதல் என்னும் முறையை அவர் கைக்கொண்டார். 1873இல் தாயகம் திரும்பிய பின்னரும் 1884இல் மறையும்வரை அவர் இப்பணியை விட்டாரல்லர்.

மேற்கூறியவற்றுள் 'இரண வைத்தியம்' என்பது இங்கிலாந்தில் அக்காலத்துப் பெருவழக்கிலிருந்த துறூயிற் என்பாரின் அறுவை மருத்துவ நூலைத் தழுவியது. அக்கால அறுவை மருத்துவ நூல்கள் தலைக்காயத்தை விரிவாக ஆராய்ந்தன. மண்டையோடு உடைதல் வேறு, மூளை அதிர்தல் வேறு, குருதி தேங்கி மூளை அழுத்தப்படுதல் வேறு எனப் பகுத்தன. அதிர்ச்சியுற்றவன் வெளிறிக் கிடப்பான், நாடி தளரும், தெளிவு திரும்பும்போது வாந்தியெடுப்பான். அழுத்தமுற்றவனோ குறட்டையொலியோடு மூச்சுவிடுவான், நாடி மந்தமாகும் என வேறுபாடு காட்டின. தெளிந்தெழுந்தவனையும் உடனே வேலைக்கு விடலாகாது, அமைதியாக இருத்தல் வேண்டும் என்றும் கூறின. மண்டை உடையாமலே மூளை கலங்கும் என்ற கருத்து அதனினும் பழையது. பத்தாம் நூற்றாண்டளவிற் பாரசீக மருத்துவர் அல்ராஸியும், பின்னர் பதின்மூன்றாம் நூற்றாண்டில் மிலான் நகரத்து லான்பிராங்கும் அதனைத் தனி நிலையாக உணர்ந்திருந்தனர்.

எனவே அறிவு இருந்தது. அதற்குரிய தமிழும் இருந்தது. ஆனால் அந்நூல் மனத்திற் கொண்ட நோயாளி தென்னையிலோ பனையிலோ இருந்து விழுந்தவன், வண்டியால் தள்ளுண்டவன், தடியடி பட்டவன் ஆகியோரே. மாட்டுவண்டிச் சவாரியில் தூக்கியெறியப்பட்டவனையும் சேர்த்துக்கொள்ளலாம். பாடசாலைச் சிறுவன் அந்த வரிசையில் இல்லை. மிஷன் கல்லூரிகளிலும் அவற்றைப் பின்பற்றிச் சைவர்கள் நிறுவிய கல்லூரிகளிலும் துடுப்பாட்டமும் உதைபந்தாட்டமும் வேரூன்றியது பிற்காலத்திலாகும். கிறீன் மறைந்து இருபது ஆண்டுகளின் பின்னரே முதலாவது பெருஞ்சமர் நடைபெற்றது. மருத்துவத்தைக் கொண்டுவந்த அதே மிஷன் உலகம் பந்தையும் கொண்டுவந்தது; எனினும் மருத்துவ நூலும் ஆடுகளமும் ஒன்றையொன்று சந்திக்கவில்லை. மானிப்பாயில் நிகழ்ந்த தமிழ்வழி மருத்துவக் கல்வி கிறீனுக்குப்பின் நிலைபெறாமற் போனமை இதற்கொரு காரணம் எனலாம். அவருடைய நூல்கள் நூலகப் பொருளாயின. ஆடுகளத்தில் வழங்கிய மருத்துவமோ தலையில் நீரூற்றுவதும் சோடா கொடுப்பதுமாகவே நெடுங்காலம் இருந்தது.

உலகின் பிற பகுதிகளும் இவ்விடயத்தில் அதிகம் முன்னேறியிருந்தன எனக் கூறுவதற்கில்லை. கண்ணுக்குத் தெரிந்த காயமே எங்கும் கவனிக்கப்பட்டது. 1962இல் பாபடோசில் சார்ளி கிறிபித்தின் பந்துபட்டு இந்திய அணித்தலைவர் நாரி கொன்ராக்ரரின் மண்டையோடு உடைந்தது. அவருக்குக் குருதி வழங்கியோருள் எதிரணித் தலைவர் பிராங் வொரலும் ஒருவர். கொன்ராக்ரர் உயிர் பிழைத்தார். டெஸ்ற் ஆட்டத்துக்கு மீளவில்லை. இலங்கையர் மறக்கவியலாத நாள் 1975 ஜூன் 11. அன்று ஓவல் மைதானத்தில் முதலாவது உலகக் கிண்ணப் போட்டியில் அவுஸ்திரேலியாவின் 328 ஓட்டங்களை எதிர்த்து ஆடிய இலங்கை, 4 விக்கெற்றுகளை மட்டும் இழந்து 276 ஓட்டங்களைப் பெற்றது. ஜெப் தொம்சனின் பந்து துலீப் மென்டிசின் தலையைத் தாக்கியது. சுனில் வெத்தமுனியின் காலையும் தாக்கியது. இருவரும் வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். தலையிற் பட்டவருக்கும் காலிற் பட்டவருக்கும் புள்ளியேட்டில் ஒரே குறிப்புத்தான். அன்று எவரும் தலைக்கவசம் அணிந்திருக்கவில்லை. 1978 மார்ச்சில் கிரகம் யலப் என்பாரே டெஸ்ற் ஆட்டமொன்றில் முதன்முதல் கவசம் அணிந்தவர். இங்கிலாந்தில் பதினெட்டு வயதுக்குட்பட்டோர் அதனை அணிய வேண்டும் என்ற நெறி 2000ஆம் ஆண்டளவிலேயே வந்தது. அக்கவசமும் முற்றான காப்பன்று என்பதை 2014 நவம்பரில் சிட்னியில் பிலிப் ஹியூஸின் மரணம் உணர்த்திற்று. கவசத்துக்குக் கீழே கழுத்தில் பந்துபட்டு, மூளைக்குக் குருதி கொண்டுசெல்லும் நாடி சிதைந்தது.

கொன்ராக்ரர், மென்டிஸ், ஹியூஸ் ஆகியோர் பெயர்கள் ஏட்டில் ஏறியவை. ஆராய்ச்சியாளரை வருத்திய வினா வேறொன்று: இரத்தமின்றி, மயக்கமின்றி, மீண்டும் மீண்டும் படும் அடி என்ன செய்கின்றது? 1928இல் ஹரிசன் மாட்லண்ட் என்னும் அமெரிக்க மருத்துவர் குத்துச்சண்டை வீரரிடையே பிற்காலத்தில் தோன்றும் தள்ளாட்டத்தையும் அறிவுத் தடுமாற்றத்தையும் விவரித்தார். அது குத்துச்சண்டைக்கே உரியதென உலகம் நெடுங்காலம் ஒதுக்கி வைத்திருந்தது. 2002இல் இறந்த அமெரிக்க உதைபந்தாட்ட வீரர் மைக் வெப்ஸ்ரரின் மூளையைப் பெனற் ஒமலு ஆராய்ந்து, தம் முடிவை 2005இல் வெளியிட்டபோது அவ்வேலி உடைந்தது. அதே 2002இல் இங்கிலாந்தின் முன்னாள் வீரர் ஜெப் அஸ்ரல் ஐம்பத்தொன்பது வயதிற் காலமானார். பந்தைத் தலையால் முட்டுவதிற் புகழ்பெற்றவர் அவர். மரண விசாரணை அதிகாரி அவருடைய இறப்பைத் தொழில்சார் நோயால் விளைந்ததெனத் தீர்மானித்தார். 2019இல் கிளாஸ்கோ ஆய்வாளர் 7,676 முன்னாள் ஸ்கொட்லாந்துத் தொழின்முறை வீரரைப் பொதுமக்களோடு ஒப்பிட்டு, நரம்புச் சிதைவு நோயால் இறத்தல் அவ்வீரரிடையே மூன்றரை மடங்கு என்று கண்டனர். இது தொழின்முறை வீரரின் கணக்கு. சனிக்கிழமை மாலையில் நாவாந்துறையிலோ குருநகரிலோ இளவாலையிலோ பந்துதைக்கும் சிறுவனுக்கு இதனை அப்படியே பொருத்துதல் அறிவுடைமையாகாது.

சிறுவரைப் பற்றிய செய்தியைச் சிறுவரிடமே பெற வேண்டியிருந்தது. இவ்விடத்திலேதான் உயர்நிலைப் பாடசாலை ஆய்வுகள் முக்கியத்துவம் பெறுகின்றன. அமெரிக்க உதைபந்தாட்டம் பெயரளவிலேயே உதைபந்தாட்டம். கவசமணிந்தோர் ஒருவரையொருவர் மோதித் தள்ளும் ஆட்டம் அது. தலையில் அடிபடாத ஆட்டநாள் அதில் அரிது. 2004இல் மைக்கல் மக்ரேயும் சகாக்களும் மில்வோக்கி நகர்ப்புறத்து 20 பாடசாலைகளைச் சேர்ந்த 1,532 மாணவ வீரரிடம் பெற்ற விடைகளை வெளியிட்டனர். ஆய்வுக்கருவி விலையுயர்ந்த யந்திரமன்று. ஆட்டப்பருவத்தின் முடிவில் கொடுக்கப்பட்ட வினாத்தாள் மட்டுமே. அப்பருவத்தில் மூளையதிர்ச்சி உற்றதாகக் கூறியோர் 15.3 வீதத்தினர். அவர்களுள் அதனை எவரிடமாவது தெரிவித்தோர் 47.3 வீதத்தினரே. அதாவது பாதிக்கு மேற்பட்டோர் வாய்திறக்கவில்லை. காரணம் வினவப்பட்டபோது, வைத்தியரிடம் செல்லுமளவுக்கு அது பெரிதெனத் தோன்றவில்லை என்ற விடை 66.4 வீதமாகவும், ஆட்டத்திலிருந்து நிறுத்திவிடுவார்கள் என்ற அச்சம் 41 வீதமாகவும், அது மூளையதிர்ச்சியாக இருக்கலாம் என்பதே தெரியாமை 36.1 வீதமாகவும் அமைந்தன.

இவ்வெண்களை யாழ்ப்பாணத்து வாசகர் அந்நிய நாட்டுச் செய்தியாகக் கொள்ளுதல் கடினம். பெருஞ்சமருக்கு ஆண்டுமுழுதும் காத்திருந்து அணியில் இடம்பெற்ற பதினெட்டு வயது மாணவன், பழைய மாணவர் வெளிநாடுகளிலிருந்தெல்லாம் வந்து கூடாரமிட்டிருக்க, முரசொலியும் பாட்டும் முழங்க, தனக்குக் கண் இருட்டுகின்றது என்று பொறுப்பாசிரியரிடம் சென்று கூறுவானா? கூறாமையே வீரம் என அவனுக்குக் கற்பித்தோர் பலர். அவ்வீரத்தைப் பழித்தல் எளிது. அவனுடைய நிலையில் நின்று பார்த்தால், அவன் மறைப்பது நோயையன்று, கல்லூரிக்குத் தான் பட்ட கடனை அடைக்கவொட்டாத தடையையே எனத் தோன்றும்.

மௌனத்தின் விலை என்னவென்பதும் தெரிந்ததே. முதலடியிலிருந்து மூளை தேறுமுன் இரண்டாமடி படுமாயின், அது சிறிதாயினும் மூளை வீங்கி உயிராபத்து நேரலாம் என்று 1984இல் மருத்துவ ஏடொன்று விவரித்தது. 2006இல் வாஷிங்ரன் மாநிலத்தில் ஸக்கரி லிஸ்ரெட் என்னும் பதின்மூன்று வயதுச் சிறுவன் தலையில் அடிபட்டுச் சிறிதுநேரம் ஓய்ந்திருந்து, அதே ஆட்டத்துக்கு மீண்டான். ஆட்ட முடிவில் மூளையிற் குருதிபெருகி வீழ்ந்தான். பிழைத்தானாயினும் பேச்சையும் நடையையும் நெடுங்காலம் புதிதாய்ப் பயில நேர்ந்தது. 2009இல் அவன் பெயரால் அம்மாநிலம் சட்டமியற்றியது. ஐயத்துக்குரிய அடிபட்ட மாணவன் உடனே வெளியேற்றப்படுதல் வேண்டும், மருத்துவ அனுமதியின்றி மீளலாகாது என்பது அதன் சாரம். 2014க்குள் ஐம்பது மாநிலங்களும் அத்தகைய சட்டங்களை ஏற்றன.

பின்வந்த ஆய்வுகள் இரண்டு இன்னும் நுட்பமானவை. இந்தியானாவின் பேர்டியூ பல்கலைக்கழகத்தார் 2009ஆம் ஆண்டுப் பருவத்தில் உயர்நிலைப் பாடசாலை அணியொன்றின் கவசங்களில் அதிர்வுமானிகளைப் பொருத்தி, வீரரின் மூளைச் செயற்பாட்டையும் படம்பிடித்தனர். மூளையதிர்ச்சியின் அறிகுறி எதுவும் காணப்படாத மாணவர் சிலரிடத்தும் மாற்றங்கள் தென்பட்டமை அவர்களையே வியப்பில் ஆழ்த்தியது. வேர்ஜீனியா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தார் 2012இல் வெளியிட்ட ஆய்வு, ஏழெட்டு வயதுச் சிறுவர் எழுவரைப் பற்றியது. ஒரு பருவத்தில் அவர்தம் தலைகளிற் பதிவான மோதல்கள் 748. ஆளுக்குச் சராசரி 107. அவற்றுள் கடுமையானவை போட்டிகளிலும் பார்க்கப் பயிற்சிகளிலேயே மிகுதியாக நிகழ்ந்தன என்பதே அவ்வாய்வின் முக்கியமான செய்தி. புள்ளியேடு பயிற்சிக்கு இல்லை. யாழ்ப்பாணத்து மைதானமொன்றில் மாலைதோறும் மூலையுதைகளை வரிசையில் நின்று தலையால் முட்டிப் பழகும் மாணவர், எத்தனை முறை முட்டினர் என எவரும் எண்ணுவதில்லை. ஐக்கிய அமெரிக்காவின் உதைபந்தாட்டச் சம்மேளனம் 2015இல் பத்து வயதும் அதற்குக் குறைந்தோரும் தலையால் முட்டுவதைத் தடுத்து, பதினொன்று முதல் பதின்மூன்று வயதுவரையினருக்குப் பயிற்சியில் அதனை வரையறுத்தது. இங்கிலாந்தும் 2020இல் ஆரம்பப் பாடசாலை வயதினரின் பயிற்சியிலிருந்து அதனை நீக்கியது.

குடாநாட்டில் இப்பொருள் பின்தள்ளப்பட்டமைக்குத் தனிக்காரணம் ஒன்றும் உண்டு. மூன்று தசாப்தப் போரிலே தலைக்காயம் என்ற சொல்லுக்கு எறிகணைச் சிதறலும் குண்டுமே பொருளாயின. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் இடம்பெயர்ந்தபோது பாடசாலைகளும் அவர்களோடு பெயர்ந்தன. மைதானங்கள் மைதானங்களாக இருக்கவில்லை. அக்காலத்துச் சிறுவனொருவன் பந்துபட்டுத் தலைவலிக்கின்றது என்று முறையிட்டிருப்பின் அது காதிலேறியிராது, அவனும் முறையிட்டிருக்கமாட்டான். அக்காலத்தில் ஆடியவர்கள் இன்று பயிற்றுநராகவும் பொறுப்பாசிரியராகவும் உள்ளனர் என்பதும் நினைக்கத்தக்கது.

இன்று ஆட்டம் மீண்டு பெருகியுள்ளது. மென்பந்தோடு நின்ற கிராமங்களிற் கடினப்பந்து புகுந்துள்ளது. தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரி மாணவியர் உதைபந்தாட்டத்தில் நாடறிந்தவர். உயர்நிலைப் பாடசாலை உதைபந்தாட்டத்தில் மூளையதிர்ச்சி மாணவரிலும் மாணவியரிடையே அதிகம் எனப் பல ஆய்வுகள் காட்டியுள்ளமையால், பெண்களின் ஆட்டத்தைப் புறத்தே வைத்து இப்பொருளை ஆராய்தல் கூடாது. சர்வதேசத் துடுப்பாட்டத்தில் 2019 ஓகஸ்ட் முதல், தலையில் அடிபட்டு மூளையதிர்ச்சி உற்றவருக்குப் பதிலாக வேறொருவர் துடுப்பெடுத்தாடலாம், பந்தும் வீசலாம். அம்மாதமே லோர்ட்ஸ் மைதானத்தில் ஸ்ரீவ் ஸ்மித்துக்குப் பதிலாக மானஸ் லபுசேன் களமிறங்கினார். புள்ளியேடு தோன்றிய காலந்தொட்டு, எங்கே அடி என்பதை அது பதிவுசெய்யத் தொடங்கியது இவ்விதியின் பின்னரே எனலாம்.

மில்வோக்கியிற் செய்யப்பட்டதை யாழ்ப்பாணத்து மாணவர் செய்வதற்கு அதிர்வுமானியோ படப்பிடிப்பு யந்திரமோ வேண்டியதில்லை. வினாத்தாள் போதும். 1978இல் தொடங்கிய மருத்துவ பீடமும் அருகிலேயே உண்டு. கடினமாவது வினாவின் மொழி. 'உமக்கு மூளையதிர்ச்சி ஏற்பட்டதா' என வினவின், பெரும்பாலான மாணவர் இல்லையென்றே எழுதுவர். அச்சொல் அவர்களுக்கு வைத்தியசாலைச் சொல். பந்து பட்டபின் கண் இருட்டியதா, தலை கிறுகிறுத்ததா, வெளிச்சம் கூசியதா, வீட்டுக்குப் போய்ச் சத்தியெடுத்தீரா, அன்றைய ஆட்டத்தின் மிகுதி நினைவிலிருக்கின்றதா, அடுத்த நாட் பாடம் மண்டையில் ஏறியதா என வினவின் விடை வேறாகலாம். மானிப்பாயிற் சப்மனும் டன்வேத்தும் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னர் மூலநூலோடு போராடியதும் இத்தகைய சொற்களுக்காகவே. விடைத்தாளிற் பெயர் எழுதப்படுமா என்பதும் முன்கூட்டியே தீர்மானிக்கப்பட வேண்டும். மில்வோக்கியில் இரகசியம் பேணப்பட்டது. பெருஞ்சமருக்கு முந்திய மாதத்தில், அணியைத் தெரிவு செய்பவரின் கைக்குப் போகுமென்று தெரிந்த தாளில் எந்த மாணவனும் ஆமென்று எழுதான்.